விழுப்புரம் பஸ் செலவு

ராஜாமணி எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் என் கணவரின் தங்கை. மண்டகப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று மாதம் இருமலும் சாயங்காலக் காய்ச்சலுமாகக் கிடந்தபிறகு சளியைச் சோதித்து டி.பி. என்று சொன்னார்கள். அவள் புருஷன் பச்சைமுத்து குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, அவளைத் திண்டிவனத்துக்கு அழைத்துவந்தான். "மச்சான் கையிலயே மருந்து இருக்கு, எனக்கு இன்னா கவலை" என்றான். வயலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நேரம் என்பதால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான்.

என் கணவர் மாசிலாமணி அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கம்பவுண்டர் என்பார்கள். பத்தொன்பது வருடமாக மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உட்பக்கம் நிற்கிறவர். தங்கை பேரில் ஆஸ்பத்திரியில் அட்டை போட்டு, மாதத்துக்கான மாத்திரையை வாங்கிவந்து அலமாரியில் வைத்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவரே கொடுப்பார். டம்ளரில் தண்ணீர் மொண்டு, மாத்திரையைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அவள் விழுங்கியதும், "வாயத் தெற. நாக்கத் தூக்கு" என்பார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடுவாள். சில நாள் கால்மணிகூடத் தாங்காது.

"மனசுல தெம்பு இல்ல உனக்கு" என்பார். "ஒங்க அண்ணியும் இதே மாத்திரதான் துன்னா. முழுசா ஒரு வருஷம். ஒரு நாள் வுட்டாளா, நீயே கேளு."

ராஜாமணி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. எனக்கும் அந்த நோய் வந்தது. அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதை நான் ஒரு மாதம்தான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நான் சாப்பிட்டது வேறு மருந்து. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தது, கடையில் விலைக்கு வாங்கியது. என்னைக் குணமாக்கியது அதுதான். இது என் கணவருக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. அவருக்குப் பயந்து என்று சொல்லிவிட்டால் எளிதாக முடிந்துவிடும். அவர் கை ஓங்குகிறவர் இல்லை. சத்தம் போடுகிறவர்கூட இல்லை. பயந்தவர் அவர்தான்.

முதல் மாதம், மாத்திரை உள்ளே போன அரைமணியில் குடல் புரண்டு வெளியே வரும். தலை சுற்றும். கேப்பைக் கூழ் வாசனை பட்டாலே எழுந்து ஓடுவேன். அவரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான். பழகிடும்" என்றார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களின் அட்டைகளை அவர் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்திருந்தார். விக்கிரவாண்டியில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவன் கொஞ்சம் உடம்பு தேறியதும் வராமல் நின்றுவிட்டான். மறுவருடம் ரத்தம் ரத்தமாகக் கக்கி இரண்டே நாளில் போய்விட்டான். அவன் பெண்டாட்டி மிச்ச மாத்திரையை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, "இது வேற யாருக்காச்சும் ஆவும்" என்று நீட்டினாளாம். இதை என் கணவர் என்னிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பார். நான் வாந்தி என்று சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு அந்தப் பொட்டலம்தான் தெரிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு நாள் என்னால் முடியவில்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தேன். கொல்லையில் போய்த் துப்பினேன். அன்றைக்கு வாந்தி வரவில்லை. மூன்று இட்லி தின்றேன். "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல?" என்று அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் மகன் பிறந்த அன்று பார்த்தது. சாயங்காலம் அரைக்கிலோ திராட்சையோடு வந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் சிரித்தார்.

என்னைப் பார்க்க வந்த என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. அம்மா கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி என்னை விழுப்புரத்தில் இறக்கி, டாக்டர் விருத்தாசலத்திடம் அழைத்துப் போனாள். காலையில் அரசு ஆஸ்பத்திரி வேலை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தன் வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்ப்பார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

"அந்த மாத்திர நல்ல மாத்திரதாம்மா. நெறைய பேருக்கு ஒத்துக்கும். ஒனக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்" என்றார். வேறு மருந்து எழுதினார். "இது இங்க இன்னும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரல. கடையிலதான் வாங்கணும். வெல ஜாஸ்தி. ஒன் வீட்டுக்காரர்கிட்ட மொதல்ல சொல்லு. அவரே கம்பவுண்டர்ன்ற. அவருக்குப் புரியாததா?"

"சொல்றேன் டாக்டர்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. வீட்டு வாசலில் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றார். "எட்டு நாளா வாந்தியே இல்ல சார். கரெக்டா சாப்ட்டா ஏன் கேக்காது?" நான் உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உலை வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பி விழுப்புரம் போனேன். பணத்துக்கு வழி இருந்தது. அப்பா போனபிறகு அரை ஏக்கர் என் பங்கு என்று அம்மா வாயளவில் ஒதுக்கியிருந்தாள். அதில் விளைந்த மல்லாட்டையை விற்று, தலைப்பில் முடிந்து கொடுப்பாள். காலையில் அவர் கொடுக்கும் மாத்திரை கன்னத்துக்குள்; அவர் போனபிறகு சிவப்புக் கேப்சூல். அந்தக் கேப்சூல் சிறுநீரைக் காவி நிறமாக்கும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவேன். வியர்வை பட்டு ரவிக்கை கக்கத்தில் ஆரஞ்சாகக் கறை பிடித்தபோது, "இன்னா சாயம் போவுது, மட்டமான துணிய தலையில கட்டிட்டான்" என்று ஜவுளிக்கடைக்காரனைத் திட்டினார். மருந்து படித்தவர். அந்தக் கறை எதனால் வரும் என்று புத்தகத்தில் வாசித்திருப்பார். என்னைச் சந்தேகப்படவேண்டும் என்று தோன்றாததால் அவருக்கு நினைவு வரவில்லை.

என்னை ஒரு நாளும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னதில்லை.

ஒன்பது மாதத்தில் விருத்தாசலம் போதும் என்று நிறுத்தினார். என் கணவர் கணக்குப்படி இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மருந்தே தேவைப்படாத அந்த இரண்டு மாதமும் தினம் அவர் கையிலிருந்து மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். போன ஆவணியோடு முடிந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை என்று இருந்தேன். பங்குனியில் ராஜாமணி வந்தாள்.

வந்தபோது முப்பத்தாறு கிலோ இருந்தாள். இருபது நாளில் முப்பத்து மூன்றாகிவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறியது. ஒரு மத்தியானம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, ஒங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"மொதல்ல இருந்துச்சு."

"எப்போ நின்னுச்சு?"

"ஒரு மாசத்துல."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பொய் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு மூலை நிம்மதிப்பட்டதைக் கவனித்தேன். என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்ட விஷயங்களில் அது மோசமான ஒன்று.

"அப்போ இன்னும் பத்து நாள் பல்லக் கடிச்சிக்கினு இருக்கேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவரிடம் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன, அவளுக்கு உடம்புவாசி வேறாக இருக்கலாம் என்றேன். "ஒடம்புவாசி இன்னா ஒடம்புவாசி? நீயும் இதையேதான் சொன்னே. ஒனக்குக் கேட்டுச்சா இல்லியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாய்வரை வந்தது. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று யோசிக்கிறவள்போல எழுந்து போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த மனிதர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஜோல்னாப்பை, அதற்குள் கத்தை கத்தையாகப் படிவம், கையில் ஒரு அட்டை, அதில் கிளிப்.

"என் பேரு சீனுவாசன். சென்ட்ரல் கவர்ன்மென்ட் சர்வே. பயப்படாதீங்க, ரேஷன் கார்ட வெட்ட வரல" என்றார்.

"நானும் கவர்ன்மென்ட்தான். உள்ள வாங்க" என்று என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னை டீ போடச் சொன்னார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. எல்லாம் கேட்டது. ராஜாமணி கூடத்து மூலையில் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"வைத்தியச் செலவு பத்தின சர்வேங்க. நாடு பூராம் எடுக்கறோம். நோய் நொடின்னா எங்க போறாங்க, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கா, பிரைவேட்டுக்கா. ஆவுற செலவுல சர்க்கார் எவ்ளோ தாங்குது, ஜனங்க மடியிலேருந்து எவ்ளோ போவுது. சர்க்கார் போட்டது சர்க்காருக்குத் தெரியும். நீங்க போட்டது நீங்க வாயத் தெறந்தாத்தானே?"

"எங்க வீட்ல சர்க்கார்தான் போடுது" என்று என் கணவர் சிரித்தார். "நான் அங்கதான் கம்பவுண்டர்."

"அப்போ என் வேல ஜல்தியா முடிஞ்சிடும்."

வீட்டில் எத்தனை பேர், மகன் எங்கே, சென்னையில் பாலிடெக்னிக், என்றெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, போன ஒரு வருடத்துக்குள் யாருக்காவது பெரிய வைத்தியம் நடந்ததா என்று கேட்டார். என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கதையைச் சொன்னார். நன்றாகச் சொன்னார். எப்படி இளைத்தேன், எப்படி வாந்தி எடுத்தேன், எப்படிப் பழகியது, தினமும் தன் கையால் எப்படிக் கொடுத்தார், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"எந்த எடத்துல வைத்தியம்?"

"அரசு ஆஸ்பத்திரி."

"மருந்து?"

"அங்கயே. ஃப்ரீ."

"நீங்க கையிலேருந்து போட்டது?"

"ஜீரோ போடுங்க. நல்லா பெருசா போடுங்க. பிரைவேட்டு பிரைவேட்டுன்னு ஓடறானுங்களே, அவனுங்களும் பாக்கட்டும்."

சீனுவாசன் பூஜ்யம் போடும் சத்தம் எனக்குக் கேட்டதுபோல் இருந்தது. டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"அம்மாதானே அது? ஒங்களையும் ஒரு வார்த்த கேட்டுடறேம்மா. சீக்காளியையே கேக்கணும்னு எங்க ஆபீசர் சொல்லியிருக்காரு."

"அவளும் இதத்தான் சொல்வா" என்றார் என் கணவர்.

"டாக்டர் ஃபீஸ் இல்ல?"

"இல்ல" என்றேன்.

"மருந்து வெளிய வாங்கல?"

"இல்ல."

"எக்ஸ்ரே, டெஸ்ட்டு?"

"இல்ல."

ஒவ்வொன்றுக்கும் தயாராக இருந்தேன். ஒன்றரை வருடமாக இந்தக் கேள்விகளுக்குத்தான் எனக்குள் பதில் சொல்லிவைத்திருந்தேன். சீனுவாசன் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டே போனார்.

"பஸ் செலவு? போக வர."

"போக வர ஏழு ரூபா" என்றேன்.

சொன்னபிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. மருந்தைப் பற்றி, டாக்டரைப் பற்றி, எக்ஸ்ரேயைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று பயந்திருக்கிறேன். பஸ் செலவை வைத்தியச் செலவு என்று நான் நினைத்ததே இல்லை. அது அம்மாவைப் பார்க்கப் போகும் செலவு. கடைக்காரன் கேட்டால் அரிசி விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன்.

"ஏழு ரூபாயா?" என் கணவர் சிரித்தார். "இந்தா, ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். எந்த பஸ்ல போனே?"

சமாளித்திருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போனதைச் சொன்னேன் என்று சொன்னால் போதும்; மூன்று பேரும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூலையில் ராஜாமணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் எடுத்த வாந்தியில் அவள் உதடு வெளுத்திருந்தது. நான் சொல்லப்போவதைக் கேட்க அவள் காத்திருக்கவில்லை. வெறுமனே தண்ணீர்ச் சொம்பை எட்டி எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொம்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பிறகு சீனுவாசனிடம் சொன்னேன். "விழுப்புரத்துக்குங்க. மாசம் ஒரு தரம் போனேன். மொதல்லேருந்து சொல்றேன், நீங்க எழுதுங்க."

"எழுதியாச்சேம்மா..."

"அது தப்பு."

சொன்னேன். ஒரு மாதம்தான் அந்த மாத்திரை, அப்புறம் டாக்டர் விருத்தாசலம், ஒன்பது மாதம் கேப்சூல். வேறொரு வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. என் கணவரைப் பார்க்காமல், சீனுவாசனின் பேனாவைப் பார்த்துச் சொன்னேன். அது எழுதாமல் நின்றிருந்தது.

"சார்..." என்று சீனுவாசன் என் கணவர் பக்கம் திரும்பினார்.

என் கணவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க" என்றேன்.

சீனுவாசன் பூஜ்யத்தை அடித்தார். மேலே சின்னதாக எழுத ஆரம்பித்தார். தன் வேலை இப்படி ஆகிவிட்டதே என்ற வெட்கம் அவருக்கு. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார். "அந்த டாக்டர் கவர்ன்மென்ட்டா, பிரைவேட்டாம்மா?"

"காத்தால கவர்ன்மென்ட். சாயங்காலம் பிரைவேட். நான் போனது சாயங்காலம்."

"ஒரே ஆளு."

"ஒரே ஆளுதான்."

"பேஜாருதான்" என்று முணுமுணுத்து, தனியார் என்று குறித்தார். "மருந்துக்கு மாசம் இன்னா ஆச்சு?"

"நூத்தி நாப்பது. எக்ஸ்ரே தனி."

"பணம் எங்கேருந்து வந்துச்சு? நாலு வழி போட்டிருக்கான். வீட்டு வருமானம், கடன், பொருள வித்தது, சொந்தக்காரங்க குடுத்தது."

"மல்லாட்ட வித்தது. எங்க ஊர்ல என் பங்கு."

"பொருள வித்ததுன்னா நக நட்டுங்க. மல்லாட்டன்னா... வீட்டு வருமானம்னு போடவா சார்?"

அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார். "இந்த வீட்ல அப்படி ஒரு வருமானம் இருந்ததே எனக்குத் தெரியாதுங்க. அவளக் கேட்டு எழுதிக்குங்க."

"வீட்டு வருமானம்னே போடுங்க" என்றேன். "நானும் இந்த வீடுதான்."

சீனுவாசன் எழுதிவிட்டு, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "ஆபீசர் கேப்பாரு. இங்க ஒரு இனிஷியல் மட்டும் போட்ருங்க சார்." என் கணவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துப் போட்டார். தினம் நூறு சீட்டில் போடுகிற அதே சுழிப்பு.

"நெறைய வீட்ல இப்படித்தாம்மா இருக்கும்னு நெனைக்கறேன்" என்று சீனுவாசன் எழுந்தார். "நாங்க வீட்டுத் தலைவரக் கேட்டு எழுதிக்கினு போயிடறோம்." டீயைக் குடிக்காமலே போனார். ஜீரோவாகப் போயிருக்கவேண்டிய அந்தப் படிவம் அவர் பையில் மற்றவற்றோடு போயிற்று. ஆஸ்பத்திரி லெட்ஜரில் நான் சர்க்கார் மாத்திரை தின்று குணமானவள். அந்தப் படிவத்தில் கைக்காசு போட்டுக் குணமானவள். டெல்லியில் கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு நான் இரண்டு பெண்கள்.

அவர் போனபிறகு கூடத்தில் முதலில் பேசியவள் ராஜாமணி.

"அப்போ ஒங்களுக்கும் நிக்கலியா அண்ணி?"

"நிக்கல. மருந்த மாத்தினதாலதான் நின்னுச்சு."

"எனக்கு மனசுல தெம்பு இல்லன்னு அண்ணன் சொல்லுச்சு." அவள் அழவில்லை. "நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். புள்ளைய வுட்டுட்டு வந்து இதக்கூட முழுங்க முடியலியேன்னு." பிறகு என்னைப் பார்த்தாள். "நான் கேட்டேனே அண்ணி, அன்னிக்கு."

"கேட்டே."

அவ்வளவுதான் அவள் சொன்னது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க என் கையால் சோறு வாங்கவில்லை, தானே போட்டுக்கொண்டாள்.

என் கணவர் கொல்லைப்பக்கம் துவைகல் மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"கேப்சூல்னா, ரிஃபாம்பிசின்தானே?"

"ஆமாங்க."

"சாயம் போவுதுன்னு அந்தக் கடக்காரனப் போய்த் திட்டினேன்" என்றார். பிறகு, "நான் குடுத்த மாத்திரையெல்லாம்?" என்று கேட்டார்.

"துப்பிட்டேன்."

"பதினோரு மாசம்."

"ஆமாங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல்ல எத்தினி பேருக்கு ஒன்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? வாந்தி வருது, நிறுத்திடறேன்னு ஒருத்தன் நின்னா, என் பொண்டாட்டிக்கும் வந்துச்சு, அவ நிறுத்தல, இன்னிக்கு எரும மாதிரி இருக்கா, வந்து பாருன்னு சொல்வேன். கோட்டகுப்பத்துலேருந்து ஒரு அம்மா, அசன் பீவின்னு. வீட்டுக்காரரு துபாய்ல. நீங்க சொன்னதாலதான் நான் வுடாம துன்னேன், ஒங்க சம்சாரத்துக்கு என் சலாம் சொல்லுங்கன்னு போன மாசம் சொல்லிட்டுப் போச்சு. சளி டெஸ்ட்டு நெகட்டிவ் ஆயிடுச்சு அதுக்கு."

அசன் பீவியை நான் பார்த்ததில்லை. நான் விழுங்காத மாத்திரையை அவள் என்னை நம்பி விழுங்கி, அவளுக்கு அது ஒத்துக்கொண்டிருக்கிறது. அவளைப்போல் இன்னும் சிலர் இருக்கலாம். ராஜாமணியைப்போலவும் சிலர் இருக்கலாம். அவர்கள் தங்களுக்கு மனதில் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டு கிடக்கலாம். என் பொய் எத்தனை பேருக்கு நல்லது செய்தது, எத்தனை பேருக்குக் கெடுதல் செய்தது என்று எந்தப் படிவத்திலும் கேட்கமாட்டார்கள். எனக்கும் தெரியாது.

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்சா" என்றார்.

"சொன்னேங்க. மொத மாசம் பூரா சொன்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மாதம் சொன்னது உண்மை, அதன்பிறகு சொல்லாததும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை அவர் தங்கைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. ரிக்‌ஷா கூப்பிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். ஊழியர் என்று உள்பக்கமாகப் போயிருக்கலாம். அவர் வெளிநோயாளி வரிசையில் எங்களோடு நின்றார். பார்த்தவர்கள், "இன்னா கம்பவுண்டரே, இங்க நிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். "வீட்டு கேஸு" என்றார்.

டாக்டர் கேட்டதும், "மாத்திர ஒத்துக்கல சார். இருபத்திரண்டு நாளா வாந்தி. மூணு கிலோ எறங்கிட்டா. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்றார். டாக்டர் ராஜாமணியின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அந்த மாத்திரையை நிறுத்தினார். ஊசி இருக்கிறது, அதை இங்கேயே தினம் போட்டுக்கொள்ளலாம் என்றார். அதோடு ஒரு சீட்டில் கேப்சூல் பேரை எழுதி, "இது மட்டும் வெளிய வாங்கணும் மாசிலாமணி. ஒமக்குத் தெரியும்" என்றார்.

சாயங்காலம் பச்சைமுத்து வந்தான். விலையைக் கேட்டதும், "மாசா மாசமா? சர்க்கார் ஆஸ்பத்திரின்னுதானே மச்சான் கூட்டிக்கினு வந்தேன்?" என்று தலையைச் சொறிந்தான். "ஊசி சர்க்கார் போடும். இத நாம போடணும்" என்றார் என் கணவர். மல்லாட்டை விற்றதும் ஒரு பங்கு அவன் தருவது என்றும், மிச்சத்தை அவர் சம்பளத்திலிருந்து போடுவது என்றும் பேசிக்கொண்டார்கள். என் பங்கு மல்லாட்டையிலிருந்து நானும் தருகிறேன் என்றேன். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் ராஜாமணிக்குச் சோறு தங்கியது. மூன்றாவது வாரம் எடை போட்டுப் பார்த்தபோது முக்கால் கிலோ ஏறியிருந்தது. அவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தாள். ஆனால் எதையும் ஒருமுறை என்னிடம் கேட்டுவிட்டு, அதையே அண்ணனிடமும் கேட்டுக்கொள்வாள். அது அவள் உரிமை என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை, அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். பொத்தானைப் போட்டபடியே கேட்டார்.

"வேற இன்னா சொல்லாம வெச்சிருக்கே?"

கோபமாகக் கேட்கவில்லை. உடனே பதில் சொல்லாமல் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தேன். இருபது வருடத்தை ஒருமுறை மனதுக்குள் திருப்பினேன். சின்னச் சின்ன விஷயங்கள் இருந்தன, யாருக்கும் இருப்பவை. அவர் கேட்கிற மாதிரி எதுவும் இல்லை.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். மாத்திரையெல்லாம் ஒன்று விடாமல் சாப்பிட்டேன் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்கிறவர்களிடம் அவர் எப்படித் தலையாட்டுவார் என்று ராஜாமணியை ஊசிக்கு அழைத்துப்போன நாட்களில் பார்த்திருந்தேன். நம்பாமலும் மறுக்காமலும் அப்படித்தான் ஆட்டினார். டப்பாவை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார்.